ஒரு பை வைக்கோலும் நாற்பது நாளும்

காளான் பண்ணை அமைக்கக் கடன் கிடைக்குமா என்று கேட்டு வரும் வாடிக்கையாளர்களிடம் நாங்கள் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஒரே ஒரு பையையாவது வீட்டில் வளர்த்துப் பார்த்திருக்கிறீர்களா?” பெரும்பாலோர் இல்லை என்றே சொல்கின்றனர். காணொளிகள் பார்த்திருக்கின்றனர், பயிற்சி வகுப்புக்குச் சென்று சான்றிதழும் பெற்றிருக்கின்றனர், பணி ஓய்வின்போது வந்த தொகையில் எவ்வளவை இதில் போடலாம் என்ற கணக்குகூட அவர்கள் கையில் தயாராக இருக்கிறது. வளர்த்தது மட்டும் இல்லை. அத்தகையோருக்கும், தொழில் எண்ணமே இன்றி வீட்டுச் சமையலுக்காக வளர்க்க விரும்புவோருக்கும் சேர்த்தே இக்கட்டுரை.

துவாரகாவை முன்வைத்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. முன்பு பப்பன்கலான் என்று அழைக்கப்பட்ட இப்பகுதி, தில்லி வளர்ச்சி ஆணையம் திட்டமிட்டு உருவாக்கிய துணை நகரம். செக்டர், பாக்கெட், சொசைட்டி என்று அடுக்ககங்களாலேயே ஆனது. இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மண் என்பது பால்கனித் தொட்டியில் இருப்பது மட்டுமே. துளசியையும் கறிவேப்பிலையையும் வெயில் படும் பக்கத்தில் வைத்துவிட்டால், வெயில் எட்டாத மூலை ஒன்று சும்மா கிடக்கும். காளானுக்கு வேண்டியது அந்த மூலைதான். தவிரவும், தில்லியின் தட்பவெப்பம் காளான் வளர்ப்போருக்குக் கடுமையான தேர்வாளர். இங்கு தேறியவருக்குக் கோவையும் ஓசூரும் எளிய பாடம்.

பையில் இருப்பது என்ன?

கடைகளிலும் இணைய வணிகத்திலும் ‘கிட்’ என்ற பெயரில் விற்கப்படும் தொடக்கநிலைப் பைகள் இருவகைப்படும். முதல் வகை, வைக்கோல் முழுவதும் வெண்ணிறப் பூஞ்சை இழை பரவி முடிந்த, தயார்நிலையில் உள்ள பை. வாங்கியவர் பையில் கீறலிட்டு நீர் தெளித்தால் போதும். இரண்டாம் வகையில் உலர்ந்த வைக்கோல் அல்லது அதன் துகள் தனியாகவும், காளான் வித்து தனியாகவும், பாலித்தீன் பைகள் தனியாகவும் வரும். வைக்கோலை ஊறவைத்து, வேகவைத்து, வித்திட்டு, இழை பரவக் காத்திருந்து, பிறகே அறுவடை. பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட முதல் வகை போதும். தொழிலை எண்ணுவோர் இரண்டாம் வகையையும் ஒரு முறை செய்து பார்க்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. ஏனெனில் இத்தொழிலில் பைகள் கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் வகைப் பை நமக்குக் காட்டாத அந்த முன்பகுதியில்தான்.

வித்து என்றதும் விதையை எண்ணிவிட வேண்டாம். காளானுக்கு விதை கிடையாது. சோளத்தையோ கோதுமையையோ அரை வேக்காடாக வேகவைத்து, நுண்ணுயிர் நீக்கி, அதன்மீது காளானின் இழையை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தெடுக்கின்றனர். அதுவே வித்து. தமிழ்நாட்டில் சோளமும் வடக்கே கோதுமையும் மிகுதியாகப் பயன்படுகின்றன. தயிருக்கு உறை ஊற்றுவதற்கு ஒப்பாக, இந்தத் தானியத்தைத் தூவிய இடங்களிலிருந்து இழை கிளம்பி வைக்கோலெங்கும் பரவுகிறது. நாம் உண்ணும் குடை, அந்த இழைக்கூட்டத்தின் கனி மட்டுமே. உயிரின் பெரும்பகுதி வைக்கோலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது.

தொடக்கநிலைப் பைகளில் பெரும்பாலானவை சிப்பிக் காளான். தில்லியில் அதற்கு ‘டிங்ரி’ என்று பெயர். கடைக்காரரிடம் அப்படிக் கேட்டால்தான் புரியும். வைக்கோலின் கடினமான நார்ப்பொருளை நேரடியாகச் சிதைத்து உண்ணும் ஆற்றல் சிப்பிக் காளானுக்கு உண்டு என்பதே அது தொடக்கக்காரர்களின் காளான் ஆனதற்குக் காரணம். அங்காடிகளில் நாம் காணும் வெள்ளை மொட்டுக் காளானுக்கு அந்த வசதி இல்லை. அதற்கு வைக்கோலைப் பல நாட்கள் மக்கவைத்து உரமாக்கி, மேலே தனியாக மண் போர்த்தி, 14 முதல் 18 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். துவாரகா வீடுகளில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தவிர அது கைகூடாது.

ஊரில் மழைக்காலத்தில் இடி இடித்த மறுநாள் புற்றோரம் பறித்த காளானின் சுவையை எண்ணி ஒரு பையை வாங்குவோரும் உண்டு. அந்தப் புற்றுக் காளான் கறையானோடு கூடி வாழ்வது. கறையான்கள் தம் புற்றுக்குள் அதற்குப் படுக்கை அமைத்து வளர்க்கின்றன. எந்தப் பையிலும் இதுவரை அது அடங்கவில்லை.

வந்த வழி

சிப்பிக் காளானை மனிதர் முயன்று வளர்த்த முதல் பதிவு ஜெர்மனியிலிருந்து வருகிறது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917ஆம் ஆண்டில், ரிச்சர்டு ஃபால்க் என்ற அறிஞர் மரக்கட்டைகளில் அதை வளர்த்துக் காட்டினார். நம் நாட்டில் 1943ஆம் ஆண்டிலேயே கோயம்புத்தூரில் வைக்கோல் காளான் வளர்க்கும் முறை வகுக்கப்பட்டது. 1962இல் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் பானோ, ஸ்ரீவாஸ்தவா ஆகியோர் நெல் வைக்கோலில் சிப்பிக் காளான் வளர்த்தனர். இன்று நாம் ஊறவைக்கும் வைக்கோல் அந்த வரிசையில் வந்ததே. இமாசலப் பிரதேசத்தின் சோலனில் 1961இல் தொடங்கிய காளான் பணி, 1983இல் தேசிய அளவிலான ஆய்வு மையமாயிற்று. 1997 செப்டம்பர் 10 அன்று அந்நகருக்கு ‘இந்தியாவின் காளான் நகரம்’ என்ற பெயரும் வந்தது.

கோவையின் பங்கு அதோடு முடியவில்லை. மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டு 1974இல் அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்ட பால் காளானை வணிகப் பயிராக்கியது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அருப்புக்கோட்டை ஆய்வு நிலையத்தின் பெயரால் ‘ஏபிகே 2’ என்ற இரகம் 1998இல் வெளியிடப்பட்டது. 30 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் மற்றவை வாடும்போது இது செழிக்கும். தில்லிக் கோடையைக் கண்டவர்களுக்கு இதன் அருமை புரியும்.

‘கிட்’ என்ற வடிவம் பரவலானதில் 2009ஆம் ஆண்டுக்கு ஓர் இடம் உண்டு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான நிகில் அரோரா, அலெஹாந்திரோ வேலஸ் இருவரும், காப்பி வடித்த சக்கையில் காளான் வளரும் என்று வகுப்பில் கேட்டு, பத்து வாளிகளில் முயன்றனர். ஒரே ஒரு வாளியில்தான் காளான் வந்தது. அந்த ஒன்றை வைத்துத் தொடங்கிய முயற்சி, வீட்டில் வளர்க்கும் அட்டைப்பெட்டிப் பொதியாக அங்காடிகளை அடைந்தது. தினமும் இரு வேளை ஃபில்டரில் காப்பி இறக்கும் நம் வீடுகளுக்கு அந்தச் சக்கை புதிதன்று. ஆயினும் ஒரு குறிப்பு: காப்பிச் சக்கை ஈரமும் சத்தும் மிகுந்தது, பச்சைப் பூஞ்சணம் அதை வெகு விரைவில் பிடித்துக்கொள்ளும். அன்றன்று இறக்கிய சக்கையை மட்டும், வைக்கோலோடு சிறு பங்காகக் கலப்பதே நல்லது.

மாதத்தைப் பார்த்து வாங்குக

எங்கள் கருத்தில், தில்லியில் ஒரு பை வெல்வதும் தோற்பதும் பாதிக்கு மேல் அதை வாங்கிய மாதத்தால் தீர்மானிக்கப்படுகிறது. சிப்பிக் காளானுக்கு 20 முதல் 28 டிகிரி வரை வெப்பமும், 80 விழுக்காட்டுக்கு மேல் காற்றில் ஈரமும் வேண்டும். துவாரகாவில் அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் வரையிலும், பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரையிலும் வெப்பம் தானாகவே பொருந்தி வரும். ஈரம்தான் வராது. அம்மாதங்களின் பிற்பகல் காற்று உதட்டைப் பிளக்கும் வறட்சி கொண்டது. ஈரச் சாக்கைச் சுற்றிலும் தொங்கவிடுவதும், பையின் அடியில் ஈர மணல் பரப்பிய தட்டு வைப்பதும், துளையிட்ட கண்ணாடித்தாள் உறையால் மூடுவதும் இங்கு இன்றியமையாதவை. சென்னை வீட்டில் இவற்றில் பாதி தேவைப்படாது.

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் இழை உறங்கிவிடும். அறைக்குள் ஹீட்டர் போட்டால் வெப்பம் கிடைக்கும், ஆனால் மிச்சமிருந்த ஈரமும் போய்விடும். மே, ஜூனில் ‘லூ’ என்னும் அனல்காற்று வீசும்போது சிப்பிக் காளானை நினைக்கவே வேண்டாம். அப்போது பால் காளானுக்கு மாறலாம். ஹிந்தியில் ‘தூதியா’ என்று கேட்க வேண்டும். தில்லி வீடுகளின் கோடைக்காலத் துணையான கூலர், காய்ந்த காற்றை நனைத்துக் குளிர்வித்து உள்ளே அனுப்புவதால், ஏர் கண்டிஷனர் உள்ள அறையைவிடக் கூலர் உள்ள அறையே பால் காளானுக்கு உகந்தது. ஜூன் கடைசியில் மழை இறங்கிய பின்னர் கூலரும் தேவையில்லை. ஆனால் பால் காளானுக்கு இழை பரவிய பிறகு மேலே ஓர் அங்குல உயரத்திற்கு வேகவைத்த மண் போர்த்த வேண்டும். சிப்பிக் காளானைவிட அதிக நாட்களும் பிடிக்கும். எனவே அது முதல் பாடமன்று, இரண்டாம் பாடம்.

அக்டோபர், நவம்பரைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்போதுதான் பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல் அறுவடைக்குப் பின் எஞ்சிய தாள் எரிக்கப்பட்டு, அந்தப் புகையும் தில்லியின் காற்றில் கலக்கிறது. நம் பால்கனிப் பையில் காளான் தின்றுகொண்டிருப்பதும் அதே தாள்தான். காளான் வளர்ப்பு ஒன்றே புகைக்குத் தீர்வு என்று சிலர் சொல்வது மிகை. எரிக்கப்படும் அளவுக்கு முன்னால் காளானின் பசி மிகச் சிறிது. ஆயினும் கழிவென்று கொளுத்தப்படும் ஒரு பொருளின் மதிப்பை வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட எளிய வழி இல்லை.

வைக்கோலிலிருந்து அறுவடை வரை

இரண்டாம் வகைப் பையை எடுத்துக்கொண்டவர் செய்ய வேண்டியவை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறையை ஒட்டி, இவ்வாறு அமையும். அந்தப் பருவத்தில் அறுத்த, மழையில் நனையாத, பொன்னிற வைக்கோலை இரண்டங்குலத் துண்டுகளாக நறுக்கி நான்கைந்து மணி நேரம் நீரில் ஊறவைக்க வேண்டும். தில்லியில் நெல் வைக்கோலைவிடக் கோதுமைத் தாள் நறுக்கிய ‘பூசா’ எளிதில் கிடைக்கும். நஜஃப்கட் பக்கத்து மாட்டுத் தீவனக் கடைகளில் கேட்கலாம். அதுவும் சிப்பிக் காளானுக்கு ஏற்றதே. ஊறியதை முக்கால் மணி நேரம் வேகவைத்து, வடிகட்டி, தூய துணியில் நிழலில் பரப்பி ஆற்ற வேண்டும்.

எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்பதில்தான் தொழிலின் நுட்பம் இருக்கிறது. ஒரு பிடி வைக்கோலைக் கையில் எடுத்து இறுக்கிப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. பிடியை விட்டால் உள்ளங்கை ஈரமாக இருக்க வேண்டும். கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 65 விழுக்காடு. சொட்டினால் பை அழுகும்; காய்ந்திருந்தால் இழை நகராது. எந்தக் கருவியும் இல்லாமல் விரல் கற்றுக்கொள்ளும் அளவு இது. எத்தனை காணொளி பார்த்தாலும் விரலுக்கு அது வராது.

பிறகு பாலித்தீன் பையில் இரண்டங்குல உயரத்திற்கு வைக்கோல், அதன் ஓரங்களில் வித்து, மீண்டும் வைக்கோல் என்று ஐந்தடுக்கு நிரப்பி, வாயைக் கட்டி, பக்கங்களில் சில துளைகள் இட்டு, இருட்டான அறையில் வைக்க வேண்டும். கையும் மேடையும் சோப்பிட்டுக் கழுவியிருப்பதும், வித்திடும்போது மின்விசிறியை நிறுத்தியிருப்பதும் அவசியம். 15 முதல் 20 நாட்களில் பை முழுவதும் பஞ்சு படர்ந்ததுபோல் வெளுத்துவிடும். இடையே பச்சை நிறத் திட்டு தோன்றினால் அது வேறொரு பூஞ்சணம். அந்தப் பையை வீட்டுக்குள் பிரிக்காமல் கட்டி அப்புறப்படுத்துவதே முறை. கறுத்து, நாற்றம் வீசினாலும் அப்படியே.

வெளுத்த பையைக் கீறி, வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள ஆனால் நேர் வெயில் படாத இடத்திற்கு மாற்றியதும் வேலை தொடங்குகிறது. நாளைக்கு இரண்டு மூன்று முறை கைத்தெளிப்பானால் பனிபோல் நீர் தூவ வேண்டும். மூன்றாம் நான்காம் நாளில் குண்டூசித் தலைகள்போல் மொட்டுகள் எழும். அதற்கடுத்த மூன்று நாட்களின் வளர்ச்சியைக் காண்பது ஓர் இன்பம். காலையில் பட்டாணி அளவில் இருந்தது மறுநாள் மாலையில் உள்ளங்கை அளவில் நிற்கும். தண்டு நீண்டு குடை சிறுத்தால் அறையில் காற்று போதவில்லை என்று பொருள். காளான் மூச்சுவிட்டு வெளியேற்றும் கரியமில வாயுவே அதை நெரிக்கிறது. குடையின் ஓரம் காய்ந்து வெடித்தால் ஈரம் போதவில்லை. இப்படிக் காளானே தன் குறையைச் சொல்லும். கேட்க ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குடையின் விளிம்பு கீழ்நோக்கி மடிந்திருக்கும்போதே, நீர் தெளிக்கும் முன்பாக, அடியைப் பிடித்துத் திருகி எடுத்துவிட வேண்டும். விளிம்பு மேல்நோக்கி விரிந்துவிட்டால் மாவுபோன்ற வித்துத் துகள்கள் பறக்கத் தொடங்கும். சிப்பிக் காளான் இவற்றை ஏராளமாக வெளியிடும். மூடிய கூடங்களில் இவற்றை நாள்தோறும் சுவாசிக்கும் பணியாளர்களுக்கு நுரையீரல் ஒவ்வாமை வருவது மருத்துவம் அறிந்த ஒன்று. ஆகவே ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் பையைப் படுக்கையறையில் வைக்க வேண்டாம். நவம்பர்க் காற்றில் ஏற்கெனவே திணறும் நெஞ்சுக்கு இன்னொரு சுமை எதற்கு?

முதல் அறுவடைக்குப் பின் மேற்பரப்பைச் சற்றே சுரண்டிவிட்டு நீர் தெளித்து வந்தால் ஒரு வார இடைவெளியில் இரண்டாம், மூன்றாம் அறுவடைகள் வரும். ஒவ்வொரு முறையும் அளவு குறையும். வித்திட்ட நாளிலிருந்து எண்ணினால் நாற்பது, நாற்பத்தைந்து நாட்களில் ஒரு பையின் கதை முடிகிறது.

பறித்ததை உண்ணுவது பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. மிளகு வறுவலுக்குச் சிப்பிக் காளானை மிஞ்சியது இல்லை என்பது எங்கள் தீர்ப்பு. பச்சையாக உண்ணலாகாது. சமைக்கும் முன் நறுக்கிச் சிறிது நேரம் வெயிலில் வைத்தால் அதிலுள்ள ஒரு பொருள் வைட்டமின் டியாக மாறுகிறது. அடுக்ககங்களில் வெயில் காணாமல் வாழ்வோர் இதைக் குறித்துக்கொள்ளலாம். “மாமி, இது சைவமா?” என்று பக்கத்து வீட்டார் கேட்டால், செடியுமன்று, விலங்குமன்று, தனி இனம் என்பதே அறிவியலின் விடை. மேற்கொண்டு முடிவு அவரவர் வீட்டு அடுப்பங்கரையுடையது.

கணக்கு

இனி எங்களுக்குப் பழக்கமான பகுதி. காளான் துறையில் விளைச்சலை உலர்ந்த வைக்கோலின் எடைக்கு எதிராக அளக்கின்றனர். ஒரு கிலோ உலர்ந்த வைக்கோலில் 800 கிராம் காளான் கிடைத்தால் 80 விழுக்காடு. முதலுக்கு நிகராக வட்டி வருவதுபோல் தோன்றும் இந்த எண்ணில் மாயம் ஏதும் இல்லை: பறித்த காளானில் சுமார் 90 விழுக்காடு நீர்.

தயார்நிலைப் பை ஒன்றின் எடை 2 கிலோ என்றும், விலை ரூ.300 என்றும் வைத்துக்கொள்வோம். அதில் ஈரம் போக உலர் வைக்கோல் 700 கிராம். 80 விழுக்காடு விளைந்தால் 560 கிராம் காளான். கடையில் 200 கிராம் பொதி ரூ.60 என்று கொண்டால், நம் விளைச்சலின் மதிப்பு ரூ.168. ஆக, பணமாகப் பார்த்தால் நட்டம். இதை மறைத்து, ‘வாங்கினால் மிச்சம்’ என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

இரண்டாம் முறைக்கு வருவோம். 5 கிலோ உலர் பூசா, அரைக் கிலோ வித்து, எரிவாயு, பைகள் எல்லாம் சேர்த்து ரூ.165 ஆகிறது என்று கொள்வோம். புதியவர் கையில் 60 விழுக்காடு விளைந்தால் 3 கிலோ காளான். தெரிந்தவர்களுக்குக் கிலோ ரூ.150 என்று கொடுத்தால் ரூ.450. மிச்சம் ரூ.285. இங்குதான் வழக்கமான கணக்குகள் மகிழ்ச்சியோடு நின்றுவிடுகின்றன. நாள்தோறும் அரை மணி நேர உழைப்பு, 45 நாட்கள் என்றால் 22 மணி நேரத்துக்கு மேல். மணிக்கு ரூ.13கூட வரவில்லை. மூன்று பைகளுக்குச் செலவிடும் நேரத்தில் முப்பது பைகளுக்கும் நீர் தெளித்துவிடலாம் என்பதால் அளவு கூடும்போது இந்தத் தொகை உயரும் என்பது உண்மையே. ஆனால் முப்பது பைகளுக்கும் ஒரே நாளில் வித்திட்டால் முப்பதும் ஒரே மூன்று நாட்களில் பூக்கும். சிப்பிக் காளான் வெளியில் ஒரு நாளும், குளிர்பதனப் பெட்டியில் நான்கைந்து நாட்களும்தான் தாங்கும். வாரத்திற்கு ஐந்து பை என்று தவணை முறையில் வித்திடுவதும், அந்த ஐந்து பைக் காளானையும் வாரந்தோறும் வாங்கக்கூடிய வீடுகளை முன்கூட்டியே கண்டுவைப்பதும்தான் தொழில். வளர்ப்பது அதில் பாதி.

இந்தப் பாதியைத் தாங்களே எடுத்துக்கொள்வதாகச் சிலர் விளம்பரம் செய்கின்றனர். வித்தும் பொருள்களும் ஒரு பெருந்தொகைக்கு எங்களிடம் வாங்குங்கள், விளைந்த காளானை நாங்களே உறுதியான விலையில் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்பது அவர்கள் சொல். இத்தகைய வாக்குறுதியை நம்பிச் சேமிப்பைத் தரும் முன், எளிய சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அவர்கள் வாங்கிய காளானை யாருக்கு விற்கின்றனர்? அந்தக் கடையை நாம் போய்ப் பார்க்க முடியுமா? தரம் குறைவு என்று சொல்லி மறுக்கும் உரிமை ஒப்பந்தத்தில் யாரிடம் இருக்கிறது? சந்தை விலையைவிட மிக அதிகமாகத் தருவதாகச் சொன்னால், அந்தக் கூடுதல் பணம் எங்கிருந்து வருகிறது? புதிதாகச் சேர்வோர் கட்டும் தொகையிலிருந்து என்பது விடையானால், அது காளான் வணிகமன்று. ஒரு பையை வளர்த்து, பறித்து, இரண்டு நாளில் அது நிறம் மாறுவதைக் கண்ணால் கண்டவரை இந்த விளம்பரம் எளிதில் வளைக்க முடியாது.

பயிற்சியும் கடனும்

துவாரகாவில் இருப்போருக்கு ஒரு நல்வாய்ப்பு அருகிலேயே உள்ளது. நஜஃப்கட்டுக்கு அப்பால் உஜ்வா கிராமத்தில் தில்லியின் வேளாண் அறிவியல் நிலையம் இயங்குகிறது. துவாரகாவிலிருந்து நஜஃப்கட்டுக்கு 2019 அக்டோபர் முதல் மெட்ரோ ஓடுகிறது. எஞ்சிய தொலைவைச் சாலை வழியே கடக்கலாம். இந்நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில்தான் தொடங்கியது என்பதைத் தமிழர் என்ற முறையில் நினைவுகூர்வதில் தவறில்லை. தனியார் வகுப்புக்குப் பெருந்தொகை கட்டும் முன் இத்தகைய அரசு நிலையங்களின் பயிற்சி அட்டவணையைக் கேட்டறிவது பணத்தை மிச்சப்படுத்தும். வித்தையும் அங்கே விசாரிக்கலாம். பழைய வித்து எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் பயனில்லை. பொதியின் மீது தயாரித்த தேதி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

கடன் பற்றிச் சுருக்கமாக. 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் அடமானமின்றி ரூ.50,000 வரை சிறு தொழில்களுக்குக் கடன் வழங்கப்படுகிறது. காளானை உலர்த்திப் பொடியாக்கியும் ஊறுகாயிட்டும் விற்க எண்ணுவோருக்கு, குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்த 2020இல் கொண்டுவரப்பட்ட திட்டம், தகுதியுள்ள திட்டச் செலவில் 35 விழுக்காடு வரை, உச்ச அளவாக ரூ.10 லட்சம், மானியம் தருகிறது. இவற்றின் இப்போதைய விதிகளைக் கிளையில் கேட்டு அறியலாம். விண்ணப்பத்தோடு ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுவந்தால் எங்களுக்கு மிகுந்த உதவி. வித்திட்ட தேதி, மொட்டு வந்த தேதி, ஒவ்வொரு அறுவடையின் எடை, கெட்டுப்போன பைகள், விற்ற இடம், விற்காமல் வீட்டிலேயே சமைத்தது எல்லாம் அதில் இருக்க வேண்டும். பத்துப் பைகளின் இத்தகைய பதிவு, ஐம்பது பக்கத் திட்ட அறிக்கையைவிட எங்களுக்கு அதிகம் சொல்கிறது. கெட்டுப்போன பைகளை மறைக்க வேண்டியதில்லை. அவை இல்லாத நோட்டுப் புத்தகத்தைத்தான் நாங்கள் ஐயத்தோடு பார்ப்போம்.

வணிகவியல் படித்தவர்களுக்குச் சுவையான ஒரு துணுக்கு: காளான் வருமானம் வேளாண் வருமானமா என்பது ஒரு காலத்தில் பெரிய வழக்கு. தட்டுகளில், கட்டடத்துக்குள் வளர்வது எப்படி வேளாண்மை ஆகும் என்பது வருமான வரித் துறையின் வாதம். தட்டில் உள்ளதும் மண்தானே என்று கருதி, அது வேளாண் வருமானமே என 2018இல் ஹைதராபாத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு முடிவு கூறியது. உங்கள் வருமானத்துக்கு அது பொருந்துமா என்பதை உங்கள் தணிக்கையாளரே சொல்ல வேண்டும். 560 கிராமுக்கு அந்தக் கவலை வராது.

மூன்று அறுவடை முடிந்து இளைத்துப்போன பையைக் குப்பையில் போட வேண்டாம். பாலித்தீனை நீக்கி, பழுப்பேறிய வைக்கோலை உதிர்த்து, சில வாரங்கள் மக்கவைத்துக் கறிவேப்பிலைத் தொட்டியில் கலந்தால் மண் இளகி ஈரம் பிடித்து நிற்கும். அடுத்த மழையில் அந்தத் தொட்டியின் ஓரத்தில் எப்போதாவது ஒரு சிறு கொத்துச் சிப்பிக் காளான் தலை நீட்டக்கூடும். ஆனால் தொட்டி மண்ணில் மஞ்சள் நிறத்தில் மெல்லிய குடை விரித்து நிற்பது வேறோர் இனம், அது நஞ்சுள்ளது. காட்டிலும் தோட்டத்திலும் தானாக முளைத்ததை உண்டதால் அசாமில் 2022 ஏப்ரலில் 13 பேர் இறந்தனர். எனவே தொட்டியில் எது முளைத்தாலும், சிப்பிக் காளான் போலவே தோன்றினாலும், பிள்ளைகளை அழைத்துக் காட்டிவிட்டு அங்கேயே விட்டுவிடுக. சமையலுக்கு உரியது பையில் பூத்தது மட்டுமே.